தண்டுக்குள் கடுகு

மஞ்சக்குட்டையிலிருந்து முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியில் வைத்தே இறக்கியிருக்கிறாள்
ஈரப் பிளாஸ்டிக் பையில் நாலு செடி.
வேரில் இன்னும் மலைமண்.

பேரு?
பூங்காவனம்.
எத்தனை ஏக்கர்?
முக்காலே அரைக்கால்.
"சாமை அறுத்த காட்டுல கடுகு போட்டேன்.
பூவெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு."

லீ பஜாருக்குப் பின்சந்து, பூச்சிமருந்துக் கடை.
வேதியியல் படித்ததற்குக் கிடைத்த நாற்காலியில்
பில் போடுகிறவள் நான்.
வருகிறவர்கள் இலையைக் கொண்டுவருவார்கள்,
செல்போனில் படம் கொண்டுவருவார்கள்,
வெறுங்கையை விரித்துக் காட்டி
"இம்மாத்தண்டி புழு" என்பார்கள்.

இவள் கட்டைவிரல் நகத்தால்
தண்டை நெடுகக் கிழித்தாள்.
உள்ளே வெள்ளைப் பஞ்சு.
பஞ்சுக்குள் கறுப்பாய், உருண்டையாய்,
கண்ணாடி மேசையில் உதிர்ந்தன எட்டு.

"பாரு கண்ணு, காய்க்கிற எடத்த விட்டுட்டு
தண்டுக்குள்ள காய்ச்சிருக்குது."
சிரித்தாள்.
நானும் சிரித்திருக்கக் கூடாது.

ஒன்றை விரல்நுனியில் எடுத்தேன்.
கடுகென்றால் காய்ந்த எண்ணெயில் வெடிக்கும்.
இது வெடிக்காது,
காத்திருக்கும்.
மண்ணுக்குள் நாலு வருஷம், ஐந்து வருஷம்,
பனி இறங்கும் ஒரு மார்கழிக்காக.
பிறகு குண்டூசித் தலையளவு குடை விரித்து
கண்ணுக்குத் தெரியாததை ஊதிவிடும்.
அது விழுவது உதிர்ந்த பூவிதழில்.
ஈரத்தில் இதழ் தண்டின் கக்கத்தில் ஒட்ட
இதழைத் தின்று முடித்துத்
தண்டுக்குள் இறங்கும்.

"அப்போ பூவாலதான் வந்துச்சா?"
ஆமாம் என்று சொல்லக்
கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு.

கார்பன்டாசிம், நூறு கிராம், இரண்டு பொட்டலம்.
பத்து லிட்டர் டாங்குக்குப் பத்து கிராம்.
தீப்பெட்டியால் அளக்க வேண்டாம்,
இந்த மூடியில் கோடு இருக்கிறது, அதுவரைக்கும்.
காலையில் அடிக்காதீர்கள், பூவில் தேனீ இருக்கும்.
அது கூட்டுக்குத் திரும்பியபின், வெயில் தாழ.
காற்று முகத்துக்கு வந்தால் முதுகைத் திருப்புங்கள்.
வெளுத்த செடியைப் பிடுங்கி எரியுங்கள்,
எருக்குழியில் போட்டால் எருவோடு திரும்பிவரும்.
அடுத்த இரண்டு வருஷம் அந்தக் காட்டில்
சாமையோ ராகியோ மட்டும்.

"சாஞ்சது நிமிருமா?"
நிமிராது.
"எவ்வளவு தேறும்?"
பாதிக்கு மேல் என்று சொல்ல வாய் வந்தது.
நிற்கிறதை எண்ணிப் பாருங்கள் என்றேன்.

உள்ளே முதலாளி இருமினார்.
ஒரு இருமல் என்றால் டானிக்கும் சேர்த்துக் கொடு.
இரண்டு இருமல் என்றால் இன்னுமா கொடுக்கவில்லை.
மூன்று முறை இருமினார்.
நான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் இதற்கும் மருந்து என்றுதான் பேர்,
காய்ச்சலுக்குக் கொடுப்பதற்கும்
கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பதற்கும் அதே பேர்.
அதனால் பொட்டலத்தை நீட்டும்முன்
முகத்தை ஒருமுறை பார்ப்பேன்.
வேலையில் சேர்ந்த ஆடியில்
பார்க்காமல் கொடுத்தேன் ஒருவருக்கு.

பூங்காவனம் என் முகத்தைப் பார்த்தாள்.
"மிச்சத்த அடுப்படில வெக்க மாட்டேன், பயப்படாத"
என்று சொல்லி
மீதி நாற்பது ரூபாயை எண்ணாமல் முடிந்துகொண்டாள்.

அவள் போனபின் மேசையைத் துடைத்தேன்.
தாளில் வழித்துச் சந்தில் வைத்துக்
குச்சி கிழிக்கும்போது எண்ணினேன்.
ஏழு.
தராசைத் தூக்கிப் பார்த்தேன், செருப்பைத் தட்டினேன்.
ஏழுதான்.

ஐந்தரைக்கு ஷட்டர் பாதி இறங்கியபோது
வடக்கே திரும்பினேன்.
தேனீ இந்நேரம் கூடு சேர்ந்திருக்கும்.
டாங்கை முதுகில் ஏற்றியிருப்பாள்.
தெளித்தது இலையில் காய
இரண்டு மணி நேரமாவது வேண்டும்,
அதைச் சொன்னேனா?

மலை இருக்கவேண்டிய இடத்தில்
மேகம் இருந்தது.